மூன்று வினாடிச் சத்தம்

தகர டப்பாவில் ஒரு கை புளியங்கொட்டையைப் போட்டு, அதைக் கோபக்காரன் ஒருத்தன் கையில் கொடுத்தது போல ஒரு சத்தம். கர்ரக், கரகரகர. அவ்வளவுதான். மூன்று வினாடி. நான்காவது வினாடியில் என்ஜின் ஒன்றுமே நடக்காதது போல, கல்யாண மண்டப வாசலில் பன்னீர் தெளிக்கிறவர் போல, சிரித்த முகமாய் ஓடத் தொடங்கிவிடும். இன்றைக்கும் விடியற்காலையில் கீரனூர் பஸ் நிலையத்துப் பக்கம் நிற்கிற ஏதாவதொரு பழைய கார் அப்படிக் கிளம்பினால், வாய்க்குப் போகிற டீ கிளாஸ் பாதியிலேயே நின்றுவிடுகிறது. அந்தக் காரின் சொந்தக்காரரைத் தேடிப் போய், "கண்ணாடியில என்ன ஒட்டியிருக்கீங்க?" என்று கேட்கத் தோன்றும். இதுவரை கேட்டதில்லை. பதிலுக்கு அவர் என்னைக் கேட்டுவிட்டால்?

எங்கள் வீட்டில், வீட்டில் என்ன, வீடுகளில், ஒரே ஒரு கார். அண்ணன் தம்பி மூன்று பேர், ஒரே வரிசையில் மூன்று வீடு, கடைசி வீட்டுச் சுவரை ஒட்டி ஒரு தகரக் கொட்டகை, அதற்குள் ஒரு டீசல் கார். கீரனூரிலிருந்து கிழக்கே கொஞ்சம் உள்ளடங்கின ஊர். பெரியண்ணன் சர்க்கார் ஆபீசிலிருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு கிடைத்தது ஆபீசுக்குத்தான். அவர் இன்னும் உத்தரவு போட்டுக்கொண்டுதான் இருக்கிறார். சின்னண்ணன் இருபது வருஷம் அரபு நாட்டில் வண்டி ஓட்டிவிட்டு வந்தவர். இங்கே ஆட்டுக்குட்டி குறுக்கே வந்தாலும், அங்கே ஒட்டகம் எப்படி வரும் என்று சொல்லிவிட்டுத்தான் பிரேக் போடுவார். மூன்றாமவன் நான். எனக்கு ஓரிடத்தில் உட்காரமுடியாத வியாதி. சோற்றைக்கூடத் தட்டோடு நடந்துகொண்டே தின்கிறவன்.

காரை நாங்கள் ஆசைக்கு வாங்கவில்லை. பெரியண்ணன் சம்சாரத்துக்கு, மதினிக்கு, சிறுநீரகம் இரண்டும் வேலையை விட்டுவிட்டன. செவ்வாயும் வெள்ளியும் காலை ஏழு மணிக்குத் திருச்சியில் டயாலிசிஸ் படுக்கையில் படுத்தாக வேண்டும். ஒரு தடவை தவறினால் கால் வீங்கும், மூச்சு இறைக்கும். இரண்டு தடவை தவறினால் என்ன ஆகும் என்று டாக்டர் சொன்னார். வீட்டில் யாரும் அதைத் திருப்பிச் சொல்லிப் பார்த்ததில்லை. அதனால் மூன்று வீடும் சேர்ந்து, ஏற்கெனவே இரண்டு பேர் ஓட்டிச் சலித்த ஒரு காரை வாங்கினோம். செவ்வாய்க்கிழமை சின்னண்ணன் ஓட்டுவார், வெள்ளிக்கிழமை நான். மிச்ச நாளில் கோயில், காதுகுத்து, சாவு வீட்டுக் கேதம் என்று எந்த வீட்டுக்கு எது வந்தாலும் அந்த வீட்டுக்கு வண்டி.

பொதுச்சொத்து என்றால் எங்கள் பக்கம் பாசம் காட்டுவதில் போட்டி வந்துவிடும். வண்டியின் முன்பக்கக் கம்பியில் மூன்று வீட்டுக்கு மூன்று கறுப்புக் கயிறு. கயிற்றில் எலுமிச்சை, பச்சை மிளகாய், போதாதென்று ஒரு ஒற்றைப் பிள்ளைச்செருப்பு. ஆயுத பூசைக்கு ஒரே வண்டியின் முன்னால் மூன்று பூசணிக்காய் உடைத்த ஊர் வேறெங்கும் இருக்காது. உடைத்ததில் வழுக்கி விழுந்தவரும் எங்கள் பெரியண்ணன்தான். முன்கண்ணாடியில் குலசாமி படம் அவர் உபயம். அத்தர் பாட்டிலும் தலையை ஆட்டுகிற குட்டி ஒட்டகமும் சின்னண்ணன் உபயம். என் பங்கு இல்லாமல் போகலாமா? புதுக்கோட்டையில் ஸ்டிக்கர் வெட்டுகிற கடையில், நானே எழுதிய ஒரு வரியைக் கறுப்புப் பட்டையில் மஞ்சள் எழுத்தாக அச்சடித்து வாங்கிவந்தேன். உள்ளே உட்காருகிறவர்கள் போகிற வழியெல்லாம் படிக்கட்டும் என்று, கண்ணாடியின் இடது மேல் மூலையில், உட்பக்கமாய் ஒட்டினேன்.

'நிற்காதே. நிற்பவனுக்கு நிழலும் பாரம்.'

இப்படி எல்லாரும் எல்லாம் செய்தோம். வாரம் ஒரு தடவை கழுவினோம், மாதம் ஒரு தடவை சுற்றிப்போட்டோம். என்ஜின் ஆயிலை மட்டும் யாரும் பார்க்கவில்லை. சின்னண்ணன் வண்டி விவரம் தெரிந்தவர், அவர் பார்த்துக்கொள்வார் என்று பெரியண்ணன் நினைத்தார். எல்லாத்துக்கும் தேதி குறித்து வைக்கிற பெரியண்ணன் இதையும் குறித்திருப்பார் என்று சின்னண்ணன் நினைத்தார். நான் நினைக்கக்கூட இல்லை.

சத்தத்தை முதலில் கேட்டது மதினி.

அதில் ஆச்சரியமில்லை. டயாலிசிஸுக்காக மதினியின் இடது கையில் இரண்டு ரத்தக்குழாய்களைச் சேர்த்துத் தைத்திருக்கிறார்கள். அந்த இடத்தில் விரலை வைத்தால் தேனீ மாதிரி ஒரு அதிர்வு ஓடும். அது நின்றால் கை அடைத்துப்போச்சு என்று அர்த்தம், உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடவேண்டும். அதனால் தினமும் காலையில் கண் விழித்ததும், மதினி கையைத் தூக்கிக் காதோரம் வைத்துக்கொள்வார். 'ஊஞ்' என்று கேட்கும். கேட்டபிறகுதான் மற்றதெல்லாம், பல் விளக்குவது உட்பட. தினம் விடியுமுன்னே தன் கையிலேயே ஒட்டுக்கேட்டுப் பழகிய காதுக்கு, ஐந்தரை மணிக்குக் கொட்டகையில் புறப்படுகிற கார் தப்புமா?

"கொழுந்தனாரே, வண்டி காலையில கரகரங்குதே, கேக்கலையா?" என்றார் ஒரு வெள்ளிக்கிழமை, பின்சீட்டிலிருந்து.

"டீசல் வண்டின்னா அப்படித்தான் மதினி. தொண்டையச் செருமுது."

"செருமுனா எப்பவும்ல செருமணும்? இது முதல்ல மட்டும் செருமிட்டு, அப்புறம் நல்ல புள்ளையா ஆயிருது. எங்க மாமியா மாதிரி."

நான் சிரித்தேன். சிரித்து, அந்த உவமையை மனதுக்குள் குறித்தும் கொண்டேன். சத்தத்தை மட்டும் குறிக்கவில்லை.

அடுத்தடுத்த வாரங்களில் சத்தம் மூன்று வினாடியாக வளர்ந்தபோதுதான் அண்ணன்மாருக்கும் கேட்டது. கேட்டதும் ஊரே மெக்கானிக் ஆகிவிட்டது. பெரியண்ணன், எலி உள்ளே கூடு கட்டியிருக்கிறது என்றார். சின்னண்ணன், இங்கத்து டீசலில் கலப்படம், அங்கெல்லாம் டீசல் இளநீர் மாதிரி இருக்கும் என்றார். பால் ஊற்ற வந்தவர், சைலன்சரில் ஓட்டை என்றார். நான் மட்டும் எதுவும் சொல்லாமல், வண்டிக்கும் வயசாகிறது என்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு கொட்டகைக்கும் வாசலுக்குமாக நடந்தேன். சும்மா இருப்பதிலும் ஒரு தோரணை இருக்கிறது. அதை நான் நன்றாகப் பழகியவன்.

கீரனூர் மெயின் ரோட்டில் ஒரு மெக்கானிக். ஒல்லி, நாற்பது வயது, அரைக் கண் மூடினமாதிரி பார்ப்பவர். நாங்கள் கார் வாங்கிய புதிதில் முதல் சர்வீஸ் செய்து கொடுத்தவரும் அவர்தான். வண்டியை ஓட்டிக்கொண்டுபோய் அவர் பட்டறையில் நிறுத்தினேன். அவர் பானட்டின்மேல் உள்ளங்கையை வைத்தார். சுட்டது. கையை எடுத்துவிட்டார்.

"ஓடி வந்த வண்டி வாயத் தெறக்காது சார். நல்லா ஆறிக் கெடக்கையில நான்தான் வரணும். நாளைக்குக் காலையில வீட்டுக்கு வாரேன். நான் வாறதுக்கு முந்தி ஒருத்தரும் சாவியத் தொடாதீங்க."

மறுநாள் ஐந்தே முக்காலுக்கு மொபெட்டில் வந்தார், கையில் முழநீள ஸ்க்ரூடிரைவரோடு. அதன் கைப்பிடியைக் காதில் வைத்து, முனையை என்ஜினில் ஊன்றிக் கேட்பாராம். கொட்டகைக்குள் நுழைந்தால், கார் ஓடிக்கொண்டிருக்கிறது. பக்கத்தில் பெரியண்ணன், திருநீறு பூசி, சட்டை போட்டு, தயாராக நிற்கிறார்.

"வாங்க தம்பி. நீங்க வந்து காத்துக் கெடக்கக் கூடாதுன்னு, கால் மணி நேரமா ஓடவிட்டு நல்லாச் சூடு பண்ணி வச்சிருக்கேன்."

மெக்கானிக் ஸ்க்ரூடிரைவரைப் பார்த்தார், அண்ணனைப் பார்த்தார். "ரொம்ப மரியாதைங்க," என்றார். கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

போகும்போது வாசலில் நின்றுகொண்டிருந்த மதினியிடம் மட்டும், "அக்கா, சாவி ஒங்கக்கிட்ட இருக்கட்டும். இந்த வீட்டுல ஆம்பளைங்களுக்கு கை சும்மா இருக்காது போல," என்றார்.

அன்று இரவு சாவி மதினியின் தலையணைக்கு அடியில் போனது. மூன்று ஆண்கள் ஆளுக்கொரு காரணம் சொல்லிக் கேட்டுப் பார்த்தோம். பெரியண்ணன், டாஷ்போர்டில் மூக்குக்கண்ணாடியை மறந்து வைத்துவிட்டதாகச் சொன்னார். மதினி டார்ச்சை எடுத்துக்கொண்டு தானே போய்க் கண்ணாடியைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுச் சாவியைத் திரும்பவும் அடியில் செருகினார்.

மறுநாள் காலை மெக்கானிக் வந்து, பானட்டைத் திறந்து, ஸ்க்ரூடிரைவரைக் காதில் வைத்துக் குனிந்தார். "ம். போடுங்க."

யார் போடுவது? மூன்று பேரும் ஒரே நேரத்தில் ஓட்டுநர் கதவுக்கு நகர்ந்தோம். மதினி எங்களை விலக்கிவிட்டுத் தானே ஏறி உட்கார்ந்தார். ஜென்மத்தில் ஸ்டியரிங்கைத் தொட்டதில்லை. சின்னண்ணன் பதறி, "மதினி, கியரு நியூட்ரல்ல..." என்று தொடங்கினார். "ஒவ்வொரு செவ்வாயும் ஒங்க பின்மண்டையத்தானே பாத்துக்கிட்டு வாரேன், எனக்குத் தெரியாதா?" என்று சொல்லிக்கொண்டே, வலது கையால் சாவியைத் திருகினார்.

கர்ரக், கரகரகர.

மூன்று வினாடி. மெக்கானிக்கின் அரைக் கண்ணும் மூடிக்கொண்டது. பிறகு கையை ஆட்டி நிறுத்தச் சொன்னார். நிமிர்ந்தவர் எங்களிடம் பேசவில்லை, மதினியிடம்தான் பேசினார்.

"அக்கா, டைமிங் செயின் போச்சு. கீழ ஒரு பல்சக்கரம், மேல ஒரு பல்சக்கரம். ரெண்டையும் சேத்து ஓட்டுறது இந்தச் செயின். பிஸ்டன் மேல ஏறுற நேரத்துல வால்வு ஒதுங்கி வழி விடணும். அந்த நேரக் கணக்க வச்சிருக்கிறது இதுதான். அது தேஞ்சு நீண்டுருச்சு. தொங்கவிடாம இழுத்துப் பிடிக்க டென்ஷனர்னு ஒண்ணு இருக்கு, அதுக்கு ஆயில் பிரஷர் ஏறுனாத்தான் பிடிப்பு. ராத்திரி பூரா நின்ன வண்டியில ஆயில் கீழ எறங்கிரும். திரும்ப ஏற மூணு செகண்டு. அந்த மூணு செகண்டும் செயினு தொங்கிக்கிட்டு அடிக்குது. அப்புறம் பிரஷர் ஏறி, சத்தம் அமுங்கிருது."

"அறுந்துபோனா?" என்றார் மதினி.

"அறுந்துபோக வேணாம்க்கா. ரெண்டு பல்லு தாண்டுனாலே போதும். வால்வும் பிஸ்டனும் மோதிக்கிரும். என்ஜின் அந்த எடத்துலயே முடிஞ்சுரும். எந்த எடம்னு நம்மளக் கேக்காது."

மதினி தன்னையறியாமல் இடது கையைத் தூக்கிக் காதோரம் வைத்துக்கொண்டதைப் பார்த்தேன். அந்த ஒரு அசைவைப் பற்றி மட்டும் எனக்கு இன்றுவரை எழுத வரவில்லை.

யோசனை சொல்ல எங்கள் குடும்பத்தில் ஆளுக்குப் பஞ்சமில்லை. "கெட்டி ஆயில் ஊத்துனா சத்தம் நின்னுரும்," என்றார் சின்னண்ணன். "அங்கல்லாம் அப்படித்தான் பண்ணுவோம்."

"சத்தம் நிக்கும்ண்ணே. அக்காவுக்குக் காய்ச்சல்னா, தெர்மாமீட்டரத் தூக்கிக் கெணத்துல போட்டாச் சரியாயிருமா?"

"தை மாசம் பாத்துக்கலாமே," என்றார் பெரியண்ணன். எந்த விஷயத்தையும் தை மாசத்துக்கு ஒத்திவைத்து நாற்பது வருஷம் ஆபீசை நடத்தியவர். "இப்ப நாளு சரியில்ல."

மதினி காரை விட்டு இறங்கிச் சாவியை மெக்கானிக் கையில் கொடுத்தார். "தை மாசம் வரைக்கும் நான் இருக்கணும்ல? நீங்க பிரிங்க தம்பி," என்றார். அண்ணன் வேப்பங்குச்சியைக் கடித்ததுபோல் முகத்தை வைத்துக்கொண்டார். கூட்டம் அத்தோடு முடிந்தது.

ஓட்டிக்கொண்டு போகவேண்டாம், இழுத்துக்கொண்டு போங்கள் என்றார் மெக்கானிக். பக்கத்துக் காட்டுக்காரர் டிராக்டரில் கயிறு கட்டி இழுத்தோம். எலுமிச்சையும் மிளகாயும் பிள்ளைச்செருப்பும் ஆட, குட்டி ஒட்டகம் வழிநெடுகத் தலையாட்டி எல்லாவற்றையும் ஒப்புக்கொள்ள, எங்கள் வண்டி தேர் மாதிரி கீரனூருக்குள் நுழைந்தது. டீக்கடையில் இருந்தவர்கள் கும்பிடவில்லை, அவ்வளவுதான்.

என்ஜினின் முன்மூடியைக் கழற்றியபோது நாங்கள் மூன்று பேரும் இருந்தோம். உள்ளே ஆயில் இருக்கவேண்டிய இடத்தில் கறுப்பு அல்வா இருந்தது. மெக்கானிக் விரலால் ஒரு விள்ளல் வழித்து எங்கள் பக்கம் நீட்டினார், பந்தியில் பரிமாறுகிற மாதிரி. டென்ஷனரின் ஆயில் துவாரம் அதிலேயே அடைத்துப்போயிருந்தது. செயின் உரசி ஓடுகிற பிளாஸ்டிக் பட்டை வெந்த நகம் மாதிரி விண்டு கிடந்தது. பழைய செயினையும் புதுச் செயினையும் ஒரே ஆணியில் தொங்கவிட்டுக் காட்டினார். பழையது ஒரு நகக்கண் அளவு அதிக நீளம். "இவ்வளவுதானா?" என்றார் பெரியண்ணன். "இவ்வளவு போதுங்க," என்றார் அவர். இரண்டையும் கிடைமட்டமாகப் பிடித்தார். புதியது விறைப்பாக நின்றது. பழையது நடுவில் தளர்ந்து தொங்கியது, மூன்று பேர் சேர்ந்து பார்த்துக்கொள்கிற எந்தப் பொருளும் தொங்குகிற மாதிரி.

"ஆயிலு எப்ப மாத்துனீங்க?" என்றார்.

அங்கே தொடங்கியது. "ஒன்னையத்தானடா பாக்கச் சொன்னேன்," என்றார் பெரியண்ணன். "எப்பச் சொன்னீங்க?" "சொல்லணுமா? அரபு நாட்டுல இருபது வருசம் என்னத்தக் கிழிச்ச?" "நீங்க நாப்பது வருசம் பைலு பாத்தீங்கள்ல, இதுக்கு ஒரு பைலு போட்டிருக்கலாம்ல?" "மூணாம் பூசணிக்காய் ஒடைக்க முந்துறியே, ஒரு டப்பா ஆயிலு ஊத்த முந்துனியா?" ரோட்டில் போன இரண்டு பேர் நின்று பார்த்தார்கள். ஒருவர் வண்டியை ஸ்டாண்டே போட்டுவிட்டார்.

நான் தலையிடவில்லை. இடுப்பில் கை வைத்துக்கொண்டு, மேகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். உள்ளூர எனக்கு ஒரு நிம்மதி. இந்தக் குற்றத்தில் இருவருக்கும் சரிபாதி; எனக்கு வேடிக்கை மட்டும். இதைப் பற்றி ஒருநாள் எழுதவேண்டும், பொறுப்பு என்பது மூன்று வாசல்களில் பிச்சை கேட்டு வெறுங்கையோடு போகிற கிழவி என்கிற மாதிரி ஏதாவது, என்றுகூட ஓடியது புத்தியில்.

அண்ணன்மார் கோபத்தோடேயே ஒரே டீக்கடைக்கு, ஒரே பைக்கில் போனார்கள். பட்டறையில் நானும் மெக்கானிக்கும் மட்டும்.

"நான் சீட்டு ஒட்டி விட்டேனே சார்," என்றார் அவர், கையைத் துடைத்துக்கொண்டே. "முதல் சர்வீஸ் பண்ணுனப்ப. இத்தன கிலோமீட்டர்ல நிறுத்தி ஆயில் மாத்தணும்னு எழுதி. எல்லா வண்டிக்கும் ஒட்டுவேன். உள்பக்கமா, இடது மூலையில."

இடது மூலை. மேல்.

அவர் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். கறுப்புப் பட்டை, மஞ்சள் எழுத்து. நகத்தால் ஓரத்தைக் கிளப்பி, மெதுவாக உரித்தார். என் வரியோடு ஒட்டிக்கொண்டு, தபால்தலையைவிடக் கொஞ்சம் பெரிய ஒரு வெள்ளைச் சீட்டும் வந்தது. பால்பேனாவில் கிறுக்கிய எண். ஓரத்தில் எண்ணெய்க் கைரேகை. அந்த எண்ணை எங்கள் கார் எப்போதோ தாண்டி, இன்னும் இரண்டு தடவை ஆயில் மாற்றவேண்டிய தூரம் ஓடியிருந்தது.

நினைவு வந்துவிட்டது. ஸ்டிக்கர் ஒட்டப் போனபோது அந்த மூலையில் ஏதோ அழுக்குக் காகிதம் இருந்தது. உரிக்கப் பார்த்தேன், வரவில்லை. எழுத்தாவது திருத்தமாக இருக்கிறதா? அதுவும் இல்லை. கண்ணுக்கு உறுத்தலாக இருந்தது. என் வரிக்கு அந்த மூலைதான் வாகு. அழுத்தி ஒட்டி, காற்றுக்குமிழ் இல்லாமல் கைக்குட்டையால் நீவியும் விட்டேன். நிறுத்து என்று ஒருத்தர் எழுதி வைத்ததன்மேல் நிற்காதே என்று ஒட்டியிருக்கிறேன்.

மெக்கானிக் என் வரியை இரண்டு தடவை படித்தார். "யாரு சார் இத ஒட்டுனது?"

"யாரோ பயலுக," என்றேன்.

ஐம்பதை நெருங்குகிற ஒருத்தன், தான் பெற்ற வரியைத் தெருவில் விட்டுவிட்டு வந்த இடம் அதுதான். மெக்கானிக், "நெழல் பாரமாமே," என்று தனக்குள் சொல்லிக்கொண்டு ஸ்டிக்கரைச் சுருட்டிக் கழிவு எண்ணெய் டப்பாவில் போட்டார். அது மூழ்காமல் கொஞ்ச நேரம் மிதந்தது.

வேலை முடிய நாலைந்து நாள் ஆகும் என்றார். பல்சக்கரம் ஒன்று திருச்சியிலிருந்து வரவேண்டும். இடையில் வெள்ளிக்கிழமை வந்தது. பெரிய முகூர்த்த நாள். சுற்றுவட்டார வாடகைக் கார் அத்தனையும் மாலை போட்டுக்கொண்டு மாப்பிள்ளை அழைக்கப் போய்விட்டன. மதினி, "பஸ்ஸுல போனா சுத்தமாகாதாக்கும் ரத்தம்?" என்றார். என் முறை. முதல் பஸ்ஸில் போனோம்.

திரும்புகையில்தான் கஷ்டம். டயாலிசிஸ் முடிந்து வருகிறவர்களுக்கு உடம்பு பிழிந்த துணி மாதிரி இருக்கும். மத்தியான வெயில். ஆஸ்பத்திரி வாசலில் ஒரு மரநிழலில் மதினியை நிற்கவைத்துவிட்டு ஆட்டோவுக்கு ஓடினேன். ஆட்டோ பிடித்து, பஸ் பிடித்து, ஜன்னலோரம் உட்காரவைக்கும்போது மதினியின் உதடு வெளுத்துக் கிடந்தது. கூட்டத்தில் யாரும் இடித்துவிடாதபடி இடது கையைத் துணிப்பைக்குள் வைத்து மடியில் அணைத்திருந்தார். கல்யாண வீட்டுத் தாம்பூலப் பைகளோடு ஏறினவர்கள் எங்களைச் சுற்றி நின்றார்கள். பஸ் முழுக்கச் சந்தனமும் வேர்வையும் மணத்தது.

சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன். மதினி, தப்பு அண்ணன்மேலயும் இல்ல, சின்னண்ணன்மேலயும் இல்ல. இவ்வளவுதான் வாக்கியம். நான் தினம் எழுதித் தள்ளுகிறவற்றில் பாதி நீளம்கூடக் கிடையாது. வாயைத் திறந்தேன். "தண்ணி வேணுமா மதினி?" என்றுதான் வந்தது.

"ஒரு மடக்குக்கு மேல குடிக்கக்கூடாதே, மறந்துட்டீங்களா?" என்றார். கொஞ்சதூரம் கண்ணை மூடிக்கொண்டு வந்தவர், மூடினபடியே கேட்டார்:

"கொழுந்தனாரே, நிக்கிறவனுக்கு நெழலும் பாரம்னு போட்டிருந்தீங்கள்ல, வண்டியில. அதுக்கு என்ன அர்த்தம்?"

"அது வந்து... ஒரு மாதிரி... மனுசன் ஓடிக்கிட்டே இருக்கணும்னு..."

"இல்ல, சும்மா கேட்டேன். இன்னைக்கு ஆஸ்பத்திரி வாசல்ல அந்த மரத்து நெழல்லதான் நின்னேன். ஒண்ணும் கனக்கல. நல்லாத்தான் இருந்துச்சு."

கீரனூர் வரைக்கும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றே வந்தேன். வழியில் இரண்டு தடவை உட்கார இடம் காலியானது. உட்காரவில்லை.

திங்கட்கிழமை சாயங்காலம் வேலை முடிந்தது. புதுச் செயின், புதுப் பட்டை, புது டென்ஷனர், புதுப் பல்சக்கரம். மெக்கானிக் உடனே ஸ்டார்ட் பண்ணவில்லை. கீழ்ச்சக்கரத்தில் பெரிய ஸ்பேனரைப் போட்டு, கையாலேயே என்ஜினை இரண்டு முழுச் சுற்று சுற்றினார். எங்கேயாவது முட்டுகிறதா என்று காதால் இல்லை, மணிக்கட்டால் கேட்டார். முட்டவில்லை. பிறகு புது ஆயிலை ஊற்றினார், தேன் நிறத்தில். பெரியண்ணனும் சின்னண்ணனும் ஆளுக்கொரு பக்கம் நின்று, அந்த ஆயிலை ஏதோ குழந்தைக்குத் தலைக்கு ஊற்றுகிற மாதிரி பார்த்தார்கள். கடைசியாக முன்கண்ணாடியின் இடது மேல் மூலையில் ஒரு புதுச் சீட்டு ஒட்டினார். இந்தத் தடவை எண்ணைக் கொட்டை எழுத்தில் எழுதியிருந்தார். அந்த மூலையில் பழைய பசையை பிளேடால் சுரண்டி, மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்துக் கொடுத்தது நான். என்னைத் துடைக்கச் சொன்னதும் அவர்தான். வேறு எதுவும் கேட்கவில்லை.

"வண்டிய ராத்திரி நிப்பாட்டி வைங்க. காலையில அக்காவே சாவியப் போடட்டும்," என்றார்.

செவ்வாய்க்கிழமை ஐந்தரை. சின்னண்ணன் முறை. ஆனாலும் மூன்று வீடும் கொட்டகை முன்னால் நின்றது. பெரியண்ணன் புதுக் கயிறு ஒன்றைக் கட்ட வந்து, மதினியின் பார்வையைப் பார்த்து, வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டார். மதினி ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தார். முதலில் இடது கையைக் காதோரம் வைத்தார். கேட்டார். தலையை ஆட்டிக்கொண்டார். அப்புறம் சாவியைத் திருகினார்.

ஒன்று. இரண்டு. மூன்று.

என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. புளியங்கொட்டையைக் காணோம். இத்தனை வாரத்தில் அந்த வண்டி புறப்படுகிறபோது தூரத்துக் கோயில் ரேடியோ கேட்டது அன்றைக்குத்தான். பெரியண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, டீசல் புகை என்றார். டீசல் புகையே வரவில்லை.

மதினி இறங்கிப் பின்சீட்டுக்குப் போனார். சின்னண்ணன் ஏறி, குட்டி ஒட்டகத்தைத் தட்டிவிட்டுக் கியரைப் போட்டார். நான் ஜன்னல் பக்கம் போய் நின்றேன். இந்தத் தடவை வாக்கியத்தை நன்றாகத் தயார் பண்ணி வைத்திருந்தேன். "மதினி, அந்த ஆயில் சீட்டு விசயத்துல..." என்று தொடங்கினேன்.

மதினி முன்கண்ணாடியின் இடது மூலையைப் பார்த்தார். புதுச் சீட்டு வெள்ளையாய் இருந்தது. பிறகு என்னைப் பார்த்தார். சிரிப்பு உதட்டுக்கு வரவில்லை, கண்ணிலேயே நின்றுகொண்டது.

"நீங்க ஒட்டுன அன்னைக்கு நான் பின்னாடிதான் ஒக்காந்திருந்தேன், கொழுந்தனாரே. இனிமே கவித ஒட்டுறதா இருந்தா பின்கண்ணாடியில ஒட்டுங்க, பின்னால வாறவன் படிச்சுக்கிட்டு வரட்டும். எனக்கு முன்னாடி பாதை தெரியணும். போயிட்டு வாரேன்."